ஏற்காடு முதல் அம்மாப்பேட்டை வரை: நலத்திட்டங்களுக்கு அப்பால் நமக்கு என்ன அரசியல் இடம் இருக்கிறது?

நாகலூரான் எழுதியது:

வணக்கம். நான் சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடியைச் (கேரள மலையாளிகள் அல்ல) சேர்ந்தவன். இப்போது சேலம் நகரில் பணிபுரிகிறேன். இந்தக் குழுமத்தில் நெசவாளர், உருது பேசுவோர், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர், வழக்குரைஞர் எனப் பல தரப்பினர் இருப்பதால், சில காலமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

எங்கள் மலைக்கு அரசின் உதவியே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதிகளில் ஏற்காடு, பச்சமலை, அருநூத்துமலை, கல்வராயன் மலை எல்லாம் நெடுங்காலமாக இருக்கின்றன. உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, பழங்குடியினருக்கான லேம்ப் என்ற பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 2024-25 நிதிநிலை அறிக்கையில் நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று தொல்குடித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பணத்தில் எந்த ஊருக்குச் சாலை, எந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டி என்று முடிவு செய்யும் இடத்தில் மலைக்காரன் எங்கே இருக்கிறான் என்பதுதான் என் கேள்வி.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போய்ச் சேர்ந்தது. கிராம சபை மட்டும் மிச்சம். ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய அந்தச் சபையில் நான் கண்டதைச் சொல்கிறேன்; ஊராட்சியின் பெயர் வேண்டாம். கூட்டம் தொடங்கும்போதே தீர்மானப் பதிவேட்டில் பொருள் வாரியாக எல்லாத் தீர்மானங்களும் நீல மையில் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. வருகைப் பக்கத்தில் கையெழுத்தும் கைரேகையும் வாங்கினார்கள். பள்ளி விட்டு வரும் பாதையில் காட்டெருமை நிற்பதால் பிள்ளைகள் மாலையில் தனியே வர முடிவதில்லை என்று ஒரு மூதாட்டி எழுந்து சொன்னபோது, "அது வனத்துறை சம்பந்தப்பட்டதும்மா" என்ற பதிலோடு, ஒரு வரிகூடப் பதிவேட்டில் ஏறாமல் அது முடிந்துபோனது.

குறைவெண் வரம்பைப் பாருங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்தால் போதும். பேருந்து நிற்கும் ஊரிலேயே அந்த எண்ணிக்கை தேறிவிடும். காப்பித் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குக்கிராமத்திலிருந்து ஒருவரும் வராவிட்டாலும் சபை சட்டப்படி செல்லும்.

ஆகவே கேட்கிறேன்: சேர்வராயன் மலையையும் கல்வராயன் மலையையும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகமும் பாதுகாப்பும் தரும் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கக் கோருவது சரியான வழியா? வேறு வழி இருக்கிறதா?

வாழப்பாடி வாக்காளர் எழுதியது:

நாகலூரான் அவர்களின் வருத்தத்தை மதிக்கிறேன், ஆனால் முழுப் படத்தையும் அவர் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று எங்கள் ஏற்காடு. வாழப்பாடியில் பிறந்து, வாழப்பாடியில் வரி கட்டி, கட்சிக் கொடி கட்டி வளர்ந்த ஒருவர் சொந்தத் தொகுதியில் போட்டியிட முடியாது. பக்கத்துத் தொகுதியில் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டும். நாங்கள் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பேசுவதற்குச் சட்டமன்ற உறுப்பினர் இருக்கும்போது "அரசியல் இடம் இல்லை" என்று சொல்வது எப்படி?

நாகலூரான் எழுதியது:

வாழப்பாடி ஐயா, நீங்கள் சொன்ன அதே தொகுதியின் கணக்கைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் ஏற்காடு வட்டத்தில் குழந்தைகள் உட்பட ஏறக்குறைய 42,000 பேர். தொகுதியின் வாக்காளர்களோ இரண்டரை லட்சத்துக்கும் மேல். மலையில் ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குகூட விழாவிட்டாலும் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் அவர் கரையேறிவிடலாம். வேட்பாளர் எங்கள் இனத்தவராக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கட்டாயம். அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை வாக்கு எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. 2013 டிசம்பர் இடைத்தேர்தலின்போது அமைச்சர்கள் எங்கள் தொகுதியிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். அந்த ஒரு மாதம் மலைப்பாதையில் பார்த்த வாகனங்களைப் பிறகு கோடை விழாவில்தான் பார்த்தோம்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐந்தாவது அட்டவணை என்றாலே சர்வரோக நிவாரணி என்று நினைப்பவர்களும் உண்டு, நாட்டைப் பிரிப்பது என்று நினைப்பவர்களும் உண்டு.

அதன் கீழ் அறிவிக்கப்பட்ட அட்டவணைப் பகுதிகள் இன்று பத்து மாநிலங்களில் இருக்கின்றன. ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம் போன்றவை அதில் அடங்கும். தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் இல்லை. ஒரு பகுதியை அட்டவணைப் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே உரியது. பழங்குடியினர் பெருவாரியாக வாழ வேண்டும், பகுதி சிதறாமல் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும், வட்டம் அல்லது ஒன்றியம் போல நிர்வாக அலகாக அமைய வேண்டும், பொருளாதாரத்தில் பின்தங்கியிருக்க வேண்டும் என்று, பழங்குடிப் பகுதிகளை ஆராய்ந்த தேபர் ஆணையம் காலத்திலிருந்து சில அளவுகோல்கள் பின்பற்றப்படுகின்றன. பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள ஏற்காடு வட்டம் இவற்றை வைத்து வாதாடக்கூடிய நிலையில்தான் இருக்கிறது.

அறிவிப்பு வந்தால் என்ன மாறும்? அட்டவணைப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் பொருந்தும்; அதன்படி கிராம சபை என்பது ஊராட்சி அளவில் அல்லாமல் குடியிருப்பு அளவிலேயே அமையலாம், நலத்திட்டப் பயனாளிகளைத் தேர்வு செய்வதும் நிலம் எடுப்புக்கு முன் கருத்துச் சொல்வதும் அதன் உரிமையாகும். அதைவிட முக்கியமானது நிலமும் கனிமமும். அட்டவணைப் பகுதியில் பழங்குடியல்லாத தனியாருக்குச் சுரங்கக் குத்தகை தரக் கூடாது என்று சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டப்பட்டதை இங்கு மூத்தவர்கள் அறிவார்கள். அந்தத் தீர்ப்பு வந்தபோது நம் மலைக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, காரணம் நம் மலை அட்டவணையில் இல்லை. பழங்குடியினரின் நிலம் பிறருக்குக் கைமாறுவதைத் தடுக்கும் தனிச் சட்டமும் தமிழ்நாட்டில் இல்லை. விடுதிகள் எழுந்த சரிவுகளைப் பார்த்தால் அதன் விளைவு தெரியும்.

இன்னொன்று. அட்டவணைப் பகுதி இல்லாத போதும் தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. ஐந்தாவது அட்டவணையின் நான்காம் பத்தி, அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அதிகபட்சம் 20 பேர் கொண்ட குழுவுக்கு நம்மிடம் இருப்பவர்கள் இருவர். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன், உப்பிலியபுரம் தொகுதியையும் சேர்த்து, மூவர். மீதி இடங்களை அப்பழங்குடிகளைச் சேர்ந்த பிறரைக் கொண்டு நிரப்பலாம் என்று அதே பத்தி இடம் தருகிறது, ஆனால் அவர்களைப் பெயர் சொல்லி நியமிப்பது அரசு. அரசுக்கு ஆலோசனை சொல்ல வேண்டியவர்களை அரசே பொறுக்கி எடுக்கிறது என்பதில் எனக்கு நெடுநாளைய மனக்குறை உண்டு.

எஸ்டேட் பேரன் எழுதியது:

வழக்குரைஞர் ஐயா சொன்னதில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது, அதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெசா சட்டப்படி அட்டவணைப் பகுதியில் ஊராட்சியின் ஒவ்வொரு நிலையிலும் பாதிக்குக் குறையாத இடங்கள் பழங்குடியினருக்கு. தலைவர் பதவிகள் அனைத்தும் அவர்களுக்கே.

என் தாத்தா காலத்தில் கங்காணி அழைத்து வந்து எஸ்டேட் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், அதாவது லைன் வீட்டில், குடிவைத்த பட்டியல் சாதிக் குடும்பம் எங்களுடையது. காப்பிப் பழம் பறித்ததும், மிளகுக் கொடி ஏற்றியதும், சில்வர் ஓக் மரத்துக்குக் கவாத்துச் செய்ததும் நாங்கள். எங்களுக்கு மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எஸ்டேட் கைமாறி விடுதியாகும்போது முதலில் காலி செய்யச் சொல்வது லைன் வீட்டைத்தான். கிராம சபைக்குத் தண்டோரா போடுபவர் எஸ்டேட் கேட்டுக்குள் வருவதில்லை. நாகலூரான் அண்ணனின் குக்கிராமத்துக்காவது வருவாய்க் கணக்கில் ஒரு பெயர் இருக்கிறது, எங்கள் லைனுக்கு எஸ்டேட் முதலாளி வைத்த பெயர்தான்.

மலையாளி மக்களுக்கு உரிமை வருவதை நான் எதிர்க்கவில்லை. அவர்களுக்கு உரியது அவர்களுக்கு வரட்டும். ஆனால் புதிய அமைப்பு ஒன்றைக் கோரும்போது, மூன்று தலைமுறையாக அதே மலையில் இருப்பவர்களை "வந்தேறிகள்" என்று ஒதுக்கிவிட்டுக் கோர வேண்டாம்.

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

மலையைப் பற்றிப் பேசும் இடத்தில் நெசவாளிக்கு என்ன வேலை என்று கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், நூல் கடையில் கொஞ்சம் தெலுங்கு, கன்னடம் என்று வளர்ந்தவன் நான். சேலம் வெண்பட்டு வேட்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். நெய்தவன் என்ன மொழி பேசினான் என்று யாரும் கேட்பதில்லை, அதில் தவறும் இல்லை.

மொழிச் சிறுபான்மையினருக்கு அரசமைப்பில் இடம் இருக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர 350அ பிரிவும், குறைகளைக் கேட்கத் தனி அலுவலர் ஒருவரை நியமிக்க 350ஆ பிரிவும் 1956-இல் சேர்க்கப்பட்டன. ஆனால் எங்கள் மொழி அரசமைப்பு ஏற்ற மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் இல்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குஜராத்தி என்ற பெருந்தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் தனித் தொகை பின்னிணைப்பு அட்டவணையில் எங்கோ கிடக்கும்.

இடஒதுக்கீட்டுத் தொகுதி கேட்கும் உரிமையோ ஆசையோ எங்களுக்கு இல்லை. மதுரையில் எங்களவர்கள் செறிந்து வாழ்ந்ததால் என்.எம்.ஆர். சுப்பராமன் காலம் தொட்டு நாடாளுமன்றம் வரை போனார்கள். சேலத்தில் 60 வார்டுகளில் சிதறிக் கிடக்கிறோம். எந்த வார்டிலும் நாங்கள் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை, எந்தக் கட்சிக்கும் எங்களைத் தேடி வர அவசரம் இல்லை.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இருந்த அரசியல் மாமன்றத்தில் இருக்கவில்லை, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது. பாவு எவ்வளவு தருவது, கூலி எப்போது பட்டுவாடா செய்வது, தள்ளுபடி மானியம் நின்றுபோனால் யார் சென்னைக்குப் போய்க் கேட்பது என்று நிர்வாகக் குழுவில் சத்தம் போட்டுப் பேசுவோம். தமிழரும் தெலுங்கரும் கன்னடத்தாரும் சௌராஷ்டிரரும் ஒரே மேசையில் சண்டை போட்ட இடம் அது. 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டுறவு நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தபின் சங்கங்கள் செயலாட்சியர்கள் கைக்குப் போயின. நாகலூரான் ஊராட்சிக்குத் தனி அலுவலர், எங்களுக்குச் செயலாட்சியர். இருவருமே நல்ல மனிதர்களாகக்கூட இருக்கலாம், கோப்பும் நகரலாம். ஆனால் அடுத்த முறை தோற்கடித்துவிடுவேன் என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

கோட்டைப் பகுதி ஆசிரியை எழுதியது:

அம்மாப்பேட்டை அண்ணா குறிப்பிட்ட 350அ பிரிவுக்கு நடைமுறையில் ஓர் எண் உண்டு. ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது ஒரு பள்ளியில் 40 பேர் கேட்டால் அந்த மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டும் என்பது 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட வழிமுறை. அந்த 40 பேரும் ஒரே பள்ளியில் இருந்தால்தான் பயன். நான்கு தெருக்களில் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்திருந்தால் ஒரு பயனும் இல்லை. தமிழ் கட்டாயம் என்ற 2006 சட்டத்தை நான் எதிர்ப்பவள் அல்லள். எங்கள் பிள்ளைகள் தமிழில் பின்தங்கினால் அரசுத் தேர்வுகளில் அவர்கள் பாடுதான் திண்டாட்டம். உருதுவும் கூட இருக்கட்டும் என்பதே வேண்டுகோள். 2007-இல் முஸ்லிம்களுக்கு வந்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டால் என் தெருவில் பொறியாளர்களும் செவிலியர்களும் வந்திருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது.

மெல்போர்ன் சேலத்தான் எழுதியது:

இங்கே ஆஸ்திரேலியாவில் "பன்முகப் பண்பாடு" என்பது அரசின் கொள்கை. விக்டோரியா மாநிலத்தில் அதற்கென்று 2011-இல் இயற்றிய சட்டமும், அரசுக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆணையமும் உண்டு. பொங்கல் விழாவுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பன்மொழி ஒலிபரப்பான எஸ்.பி.எஸ். வானொலியில் தமிழ் ஒலிபரப்பு உண்டு. இவற்றை எல்லாம் கேட்டால் சொர்க்கம்போல் தோன்றும்.

உள்ளே இருந்து பார்த்தால் வேறு சில விஷயங்களும் தெரிகின்றன. மானியம் வாங்கத் தெரிந்த சங்கமே சமூகத்தின் குரலாகிவிடுகிறது. விழா மேடைக்கு வரும் அமைச்சரோடு படம் எடுத்துக்கொள்பவரே "சமூகத் தலைவர்". முதியோர் இல்லத்தில் தமிழ் தெரிந்த பணியாளர் வேண்டும் என்பது போன்ற கவர்ச்சியில்லாத கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோகும் ஆளுக்கு மேடை கிடைப்பதில்லை.

அரசியலில் இடம் கிடைக்க வழிவகுத்தவை என்று நான் நினைப்பவை வேறு. ஒன்று, குடியுரிமை சில ஆண்டுகளில் கிடைத்துவிடுவது. மற்றொன்று, 1924 முதல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம் என்பதால், புதிதாகக் குடியுரிமை பெற்றவரையும் கட்சிகள் தேடி வந்தாக வேண்டியிருப்பது. கனடாவும் அப்படியே. 1971-இல் பன்முகப் பண்பாட்டுக் கொள்கையை அறிவித்து 1988-இல் சட்டமாக்கினார்கள். ஆனால் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் 2011-இல் நாடாளுமன்றம் போனதும், ஹரி ஆனந்தசங்கரி 2015-இல் வென்று பின்னர் அமைச்சரானதும் மானியத்தால் அல்ல. வந்தவர்கள் குடிமக்களாகி, ஒரே வட்டாரத்தில் வாழ்ந்து, கட்சிக் கிளைகளில் உறுப்பினராகிச் சேர்த்த வாக்கால்.

முகாமில் பிறந்தவள் எழுதியது:

மெல்போர்ன் அண்ணா ஸ்கார்பரோவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

சேலம் மாவட்டத்து முகாம் ஒன்றில் 1990களில் பிறந்தவள் நான். என் பாட்டனார் ராசிபுரம் பக்கத்திலிருந்து, அது சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவரின் மகன். 1948-இல் அந்த நாடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வட இலங்கையின் வன்னிக்குப் போய், அங்கிருந்து படகேறி இங்கே வந்தது. ஆக, சேலத்துக்காரரின் கொள்ளுப்பேத்தி சேலத்திலேயே பிறந்து, சேலத்திலேயே படித்து, பட்டமும் வாங்கி, வாக்கில்லாமல் இருக்கிறேன்.

உதவி இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் "அகதிகள் முகாம்" என்பது "மறுவாழ்வு முகாம்" ஆனது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என உயர்ந்தது. புதிய வீடுகள் கட்டித் தந்தார்கள். எங்கள் முகாமில் பத்துக்குப் பத்து அறையில் சேலையால் தடுத்து இரண்டு குடும்பம் இருந்த காலத்தைப் பார்த்தவள் என்ற முறையில், அந்த வீட்டின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் ஆள் இருந்தாக வேண்டும். வேலைக்கு வெளியூர் போனவர் ஓடி வர வேண்டும். தேர்தல் வந்தால் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் ஒலிபெருக்கி கேட்கும், வேட்பாளர் வாகனம் எங்கள் நுழைவாயிலைத் தாண்டிப் போய்விடும்.

1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் சென்ற திருச்சி கொட்டப்பட்டு முகாம் பெண்மணி ஒருவர் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். எனக்கு அந்த வழி இல்லை. நான் பிறந்தபோது அந்தக் கதவு மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளித் தமிழரின் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லியும் நிலைமை மாறவில்லை.

நீங்கள் பேசும் கிராம சபை எங்கள் முகாமுக்கு அடுத்த தெருவில்தான் கூடுகிறது. போய் நிற்கலாம், வாக்காளர் பட்டியலில் இல்லாததால் நாங்கள் அதன் உறுப்பினர் இல்லை. எங்கள் கழிவுநீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் எங்களில் ஒருவரும் இல்லை.

சூரமங்கலம் ஓய்வூதியர் எழுதியது:

ரயில்வேயில் என்னோடு பணிபுரிந்த ஆங்கிலோ-இந்திய நண்பர்களை நினைத்துக்கொண்டு ஒன்றைச் சேர்க்கிறேன். அவர்களுக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் நியமன இடம் இருந்தது. 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அது முடிந்தது. எங்களில் பலருக்கு அவர்களின் நியமன உறுப்பினர் பெயரே தெரியாது, ஆளுங்கட்சியைத் தாண்டி அவர் பேசி நாங்கள் கேட்டதும் இல்லை. இருந்தாலும் இப்போது அந்தச் சிறு குரலும் போய்விட்டது. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் வழிசெய்தது. முகாம் மக்கள், லைன் வீட்டுக்காரர்கள் போன்றோருக்கும் அதுபோல் ஓர் இருக்கை கேட்கலாமே?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

சூரமங்கலம் ஐயாவின் யோசனைக்கு என் பதில் தயக்கமானது. நியமிப்பவர் கைக்குள் நியமனம் அடங்கிவிடும். பழங்குடியினர் ஆலோசனைக் குழுவைப் பற்றி நான் சொன்ன குறை அப்படியே இதற்கும் பொருந்தும். அதோடு, குடியுரிமை இல்லாதவரை உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராக்க மாநிலச் சட்டத்தால் இயலாது. முகாம் தங்கையின் பிரச்சினைக்கு மாற்று மருந்தே கிடையாது, குடியுரிமைதான் வேண்டும். அது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. அதை இந்த விவாதத்தில் மற்றவற்றோடு கலந்து பத்தோடு பதினொன்றாக ஆக்கிவிடக் கூடாது. அது தனிக் கோரிக்கையாக, முதல் கோரிக்கையாக நிற்க வேண்டும்.

மலையைப் பொறுத்தவரை, குடியரசுத் தலைவரின் ஆணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேரளத்திலும் அட்டவணைப் பகுதி இல்லை. ஆனால் அங்கே கிராம சபை ஊராட்சிக்கு ஒன்று அல்ல, வார்டுக்கு ஒன்று. அதற்கும் கீழே அட்டப்பாடி போன்ற இடங்களில் பழங்குடிக் குடியிருப்புக்கு ஒன்றாக ஊர்க்கூட்டம் கூடுகிறது. கர்நாடகத்தின் ஊராட்சிச் சட்டத்திலும் குடியிருப்புச் சபைக்கு இடம் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ஐத் திருத்தி, குடியிருப்புச் சபையின் தீர்மானம் இல்லாமல் அந்தக் குடியிருப்பு பற்றிய எந்தப் பணியும் கிராம சபையில் நிறைவேறாது என்று ஒரு விதி வைக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகளும் வன உரிமைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், சபையில் பாதிப் பேர் வருகை, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று கேட்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2016 வரை நம் மாநிலத்தில் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பட்டா கொடுக்க முடியாமல் கிடந்தது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

எஸ்டேட் பேரன் எழுதியது:

குடியிருப்புச் சபை என்றால் எனக்கு உடன்பாடு, ஒரு நிபந்தனையோடு. எஸ்டேட் லைன் வீடுகளும் குடியிருப்பு என்ற வரையறைக்குள் வர வேண்டும், எஸ்டேட் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே சபை கூட்டும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். தலைவர் பதவி முழுதும் ஒரு சாராருக்கு என்ற பேச்சு இதில் எழவில்லை என்பதால் எங்கள் ஆட்களிடம் என்னால் பேச முடியும்.

வாழப்பாடி வாக்காளர் எழுதியது:

இதையே முதலில் கேட்டிருந்தால் நான் எதிர்த்திருக்க மாட்டேன். எங்கள் ஊராட்சியிலும் காலனிக்காரர்கள் சபைக்கு வந்தால் பின்வரிசையில்தான் நிற்கிறார்கள். மலைக்கு மட்டும் என்று இல்லாமல் மாவட்டம் முழுவதற்கும் கேளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஐந்தாவது அட்டவணையில் என் கருத்து மாறவில்லை.

நாகலூரான் எழுதியது:

வாழப்பாடி ஐயா, அட்டவணைக் கோரிக்கையை நான் கைவிடவில்லை. நிலத்துக்கும் கனிமத்துக்கும் வேறு காப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைத் தனி மனுவாக ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புகிறோம்.

குடியிருப்புச் சபைக்கான மனுவை வழக்குரைஞர் ஐயா இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தந்தால், நவம்பர் 1 கிராம சபைக்கு முன் ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளிலும், மலைக்குக் கீழே வாழப்பாடி பக்கம் முடிந்தவரையிலும், பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடலாம். ஒப்புகை இல்லாத மனு கொடுத்ததாகவே ஆகாது. எஸ்டேட் பேரன் தம்பியின் லைன் வீட்டு விதி மூன்றாவது பத்தியில் வரட்டும். முகாம் தங்கையின் கோரிக்கையை மாவட்டத்தின் மற்ற ஊராட்சிகளும் தீர்மானமாகப் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். குடியுரிமை தரும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை என்றாலும், பரிந்துரைத் தீர்மானம் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

நகரத்துக்குக் கிராம சபை கிடையாது, 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. உங்கள் மனுவின் நகலை இங்கே ஏற்றுங்கள், எங்கள் வார்டின் பகுதி சபைக்குப் பொருந்தும்படி மாற்றிக்கொள்கிறோம். கூட்டுறவுச் சங்கத் தேர்தலையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துக் கேட்கப் போகிறேன். வழக்குரைஞர் ஐயா அது பகுதி சபையின் வரம்புக்குள் வராது என்று சொன்னாலும் கேட்கத்தான் போகிறேன்.